ஒரே பீக்கில் இருவர்

"அக்கா, வந்து பாருங்க, பீக் எவ்வளவு அழகா வந்திருக்கு" என்று லேப் தம்பி கூப்பிட்டபோது நான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தேன். பீக் என்பது, ஒரு பொருள் மெஷினை விட்டு வெளியே வரும்போது திரையில் எழும் மேடு. உண்மையிலேயே அழகுதான். கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது, இரண்டு பக்கமும் ஒரே சரிவு. வால் இல்லை, தோள் இல்லை. பாடப்புத்தகத்தில் போடலாம். அதற்குள் இரண்டு பொருள்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன என்று எங்களுக்கு உறைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது.

நான் வேலை பார்ப்பது பினாங்கில், பிறை தொழிற்பேட்டையில் ஒரு சின்ன சோதனைக்கூடத்தில். மாத்திரை, கேப்சூல், செம்பனை எண்ணெய், சத்து மாவு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அதற்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் பிழைப்பு. முக்கால்வாசி வேலை எச்.பி.எல்.சி. மெஷினில், அதாவது கலவையைத் திரவத்தோடு அழுத்தித் தள்ளி, கூறு கூறாகப் பிரித்து அளக்கும் கருவியில். பம்பு, டிடெக்டர், கம்ப்யூட்டர் என்று மேசை நிறைய இருந்தாலும், பிரிக்கிற வேலையைச் செய்வது ஒரு சாணுக்கும் குறைவான எஃகுக் குழாய் ஒன்று. அதை நாங்கள் கொலம் என்போம். காலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் "எங்களுக்குக் காலம் கெட்டுப்போச்சு" என்று நான் எழுதினால் நீங்கள் ஜாதகத்தைத் தேடுவீர்கள். கோலம் என்றால் வாசலுக்குப் போய்விடும். கொலம் என்றே இருக்கட்டும்.

கொலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை வீட்டில் விளக்க நான் பயன்படுத்துவது என் பெரியம்மாவையும் சித்தியையும்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் இருவரையும் ஃபெரியில் ஏற்றி ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. இறங்கும்போது ஒன்றாகத்தான் இறங்குவார்கள். தெருவில் சேலைக்கடை மட்டுமே இருந்தால் மறுமுனைக்கும் ஒன்றாகத்தான் வந்து சேர்வார்கள், ஏனென்றால் சேலைப் பைத்தியம் இருவருக்கும் ஒரே அளவு. நடுவில் ஒரு பாத்திரக்கடை வந்துவிட்டால் கதை வேறு. பெரியம்மா இட்லிக் குண்டானைத் தட்டிப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிடுவார், சித்தி அரை மணி நேரம் முன்னால் போய் லஸ்ஸி குடித்துக்கொண்டிருப்பார். தெருதான் கொலம், கடைதான் அதற்குள் அடைத்திருக்கும் பொடி, இருவரும் பிரிக்க வேண்டிய பொருள்கள். இருவரில் யார் எவ்வளவு அதிகம் தங்குகிறார் என்ற விகிதத்தைத்தான் எங்கள் தொழிலில் தேர்திறன் என்கிறோம். சேலைக்கடைத் தெருவை இரண்டு மைல் நீட்டினாலும் அந்த விகிதம் மாறாது. கடையை மாற்ற வேண்டும்.

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பல்கலைக்கழகத்தில் எழுதிப் பாஸ் பண்ணியதுதான். இருந்தும் இரண்டு தடவை இதே இடத்தில் இடறி விழுந்திருக்கிறேன்.

முதல் தடவை, ஸ்டோர் அங்கிள் புண்ணியத்தில். அமிட்ரிப்டிலின் மாத்திரை ஒன்றைச் சோதிக்கப் பயன்படுத்திய கொலம் தேய்ந்துபோனது. புதிது வாங்கச் சொன்னேன். அவர் பாதி விலைக்கு வேறொரு பிராண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சி18தானே மா கேட்டே? இதுவும் சி18தான். நீளம் அதே, சைஸ் அதே. ஆயிரம் வெள்ளி மிச்சம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. யு.எஸ்.பி. என்று சொல்லப்படும் அமெரிக்க மருந்தியல் நூலே அப்படித்தான் சொல்கிறது. அதில் எல்1 என்றால் சிலிக்காவில் சி18, அதாவது 18 கார்பன் சங்கிலி, கட்டியது, எல்7 என்றால் சி8, எல்11 என்றால் ஃபீனைல். எல்1 என்ற ஒரு தலைப்புக்குள் சந்தையில் உள்ள நூற்றுக்கணக்கான சி18 கொலங்களும் அடங்கிவிடும். எல்1 என்பது ஊர்ப்பெயர் மாதிரி. பட்டர்வொர்த்தில் இருக்கிறார் என்று சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடுமா?

புதுக் கொலத்தைப் போட்டதும் அமிட்ரிப்டிலின் பீக்குக்கு வால் முளைத்தது. நீளமான, அசிங்கமான வால். அதன் பின்னால் தனியாக நிற்க வேண்டிய ஒரு சிறு மாசுப் பீக் அந்த வாலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அளக்க வழியில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் குழாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது சிலிக்கா மணிகள். ஒவ்வொன்றும் ஐந்து மைக்ரான், மாவை விடப் பொடி. மணி முழுக்க நுண்துளைகள். ஒரு கிராம் சிலிக்காவின் உள் மேற்பரப்பு சுமார் 300 சதுர மீட்டர். 15 சென்டிமீட்டர் கொலத்தில் ஒன்றரை கிராம் போலச் சிலிக்கா இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேட்மின்டன் கோர்ட்டைச் சுருட்டி உங்கள் விரல் பருமனுள்ள குழாயில் அடைத்த கணக்கு. அந்தத் தரை முழுக்க சிலனால் என்ற ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) முளைகள், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 மைக்ரோமோல். இவற்றின் மேல்தான் 18 கார்பன் சங்கிலியைக் கட்டுகிறார்கள். சங்கிலி பருமனானது, பக்கத்துப் பக்கத்தில் நெருக்கி நட முடியாது. எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் 4 மைக்ரோமோலைத் தாண்டுவது கடினம். மீதிப் பாதி சிலனால் சங்கிலிகளுக்கு அடியில் அப்படியே கிடக்கும். நல்ல தயாரிப்பாளர் ட்ரைமீத்தைல் குளோரோசிலேன் போன்ற குட்டி மூலக்கூறை அனுப்பி எட்டிய இடத்தையெல்லாம் மூடுவார். அப்போதும் கொஞ்சம் மிஞ்சும்.

அமிட்ரிப்டிலின் ஓர் அமீன், நைட்ரஜன் உள்ள காரம். பி.எச். 7-இல் அதன் மேல் நேர்மின்னேற்றம் இருக்கும். அதே பி.எச்.-இல் மூடப்படாத சிலனால் எதிர்மின்னேற்றத்தோடு கீழே காத்திருக்கும். பிறகென்ன, பிடித்துக்கொண்டு விடாது. சிலிக்காவுக்குள் இரும்பு, அலுமினியம் போன்ற உலோக அழுக்கு இருந்தால் பக்கத்துச் சிலனாலின் அமிலத்தன்மை இன்னும் ஏறும், பிடியும் இறுகும். பழைய பாணிச் சிலிக்காவில் இந்த அழுக்கு அதிகம், பின்னால் வந்த தூய வகையில் குறைவு. எங்கள் பழைய கொலம் தூய வகை, நன்றாக மூடியது. புதிது அப்படியில்லை. பெட்டியின் மேல் இரண்டும் சி18.

ஒரு சி18-க்கும் இன்னொரு சி18-க்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எண்ணில் அளக்க முடியும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. லாய்ட் ஸ்னைடர், ஜான் டோலன், பீட்டர் கார் முதலியோர் 2002 முதல் எழுதிய கட்டுரைகளில் ஒவ்வொரு கொலத்துக்கும் ஐந்து எண்கள் கொடுத்தார்கள். எண்ணெய்ப் பசை எவ்வளவு, பருமனான மூலக்கூறைப் புகவிடாமல் எவ்வளவு தடுக்கிறது, ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கிறதா, வாங்குகிறதா, பிறகு அமீன்களை எவ்வளவு கவ்விக்கொள்கிறது. கடைசி எண்ணை பி.எச். 2.8-இலும் 7-இலும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். எங்கள் இரண்டு கொலங்களின் எண்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எண்ணெய்ப் பசை கிட்டத்தட்ட ஒன்று. பி.எச். 7-இல் அமீனைக் கவ்வும் எண் எங்கேயோ இருந்தது. ஸ்டோர் அங்கிளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ பெட்டியில ஏன் மா ஒரே பேர் போட்டிருக்கான்?" என்றார். நியாயமான கேள்வி.

சரி, அந்த அழகான பீக்குக்கு வருகிறேன்.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அந்தப் பழத்தின் எண்ணெயில் வைட்டமின் ஈ எட்டு உருவங்களில் வரக்கூடியதில் பல இருக்கின்றன என்பதும், அதில் பெரும்பங்கு டோகோட்ரையீனால் என்பதும் அவருக்குத் தெரியாது. மகள் அதை வைத்துச் சம்பளம் வாங்குகிறாள். எட்டையும் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால். வால் நிறைவுற்றதாக இருந்தால் டோகோஃபெரால், வாலில் மூன்று இரட்டைப் பிணைப்பு இருந்தால் டோகோட்ரையீனால். தலையில் ஒட்டியிருக்கும் மீத்தைல் பொட்டுகளைப் பொறுத்து ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. ஆல்ஃபாவுக்கு மூன்று பொட்டு, டெல்டாவுக்கு ஒன்று. பீட்டாவுக்கும் காமாவுக்கும் தலா இரண்டு. பீட்டாவில் 5, 8 என்ற இடங்களில், காமாவில் 7, 8 என்ற இடங்களில். அவ்வளவுதான் வித்தியாசம். எடையும் ஒன்று.

வந்த கேப்சூலில் செம்பனை வைட்டமின் ஈயோடு கோதுமை முளை எண்ணெயும் கலந்திருந்தது. செம்பனையில் பீட்டா மிகக் குறைவு, காமா டோகோட்ரையீனால் நிறைய. கோதுமையில் பீட்டா தாராளம். நாங்கள் செம்பனைக்கு வழக்கமாக ஓட்டும் சி18 முறையிலேயே இதையும் ஓட்டி, அந்த அழகான பீக்கை காமா என்று பெயரிட்டு, ரிப்போர்ட் அனுப்பிவிட்டோம். மூன்றாவது வாரம் வாங்குகிறவரிடமிருந்து மின்னஞ்சல். அவர்கள் பக்கம் அளந்ததில் காமா எங்கள் எண்ணை விடக் குறைவு. பீட்டா என்று தனியாக ஒரு வரிசை. எங்கள் ரிப்போர்ட்டில் பீட்டா வரிசையே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தெருவை நீட்டினேன். இரண்டு 15 சென்டிமீட்டர் கொலங்களை ஒன்றின் பின் ஒன்றாக இணைத்தேன். கொலத்துக்குள் தள்ளும் திரவத்தில் மெத்தனாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஓட்டத்தைப் பாதியாக்கினேன். வெப்பநிலையை இறக்கினேன். ஒரு ஊசிக்கு, அதாவது மாதிரியை ஒரு தடவை ஏற்றி ஓட்ட, ஒரு மணி நேரம் ஆனது, தம்பி இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தான். பீக் அகன்றதே ஒழியப் பிளக்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டிருந்தால் போதும். பிரிதிறன், அதாவது இரண்டு பீக் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது, பிளேட் எண்ணிக்கையின் (கொலம் எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது என்பதன் அளவு) வர்க்கமூலத்தோடுதான் ஏறும். கொலத்தை இரண்டு மடங்காக்கினால் பிரிதிறன் 1.4 மடங்குதான். தேர்திறனின் கணக்கு வேறு மாதிரி. இரண்டு பீக்குகளை அடிவரை பிரிக்க, அதாவது பிரிதிறன் 1.5 கிடைக்க, ஒரு சாதாரணத் தக்கவைப்பை (பொருள் கொலத்தில் தங்கும் அளவை) வைத்துப் போட்டுப் பாருங்கள். தேர்திறன் 1.10 என்றால் சுமார் 6,300 பிளேட் போதும். 1.05 என்றால் 23,000 வேண்டும். 1.01 என்றால் ஐந்து லட்சத்துக்கு மேல். எங்கள் கொலம் ஒன்று நல்ல நாளில் பன்னிரண்டாயிரம் கொடுக்கும். தேர்திறன் 1 என்றால் எண்ணிக்கைக்கே அர்த்தமில்லை, பினாங்குப் பாலம் நீளத்துக்குக் கொலம் போட்டாலும் இருவரும் கையைக் கோத்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள்.

எங்கள் லேபில் ஒரு மூத்தவர் இருக்கிறார், எல்லோருக்கும் அண்ணன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது அப்போது. மதியம் வாழையிலைக் கடையில் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு கொலத்தைச் சேர்த்துப் போட்டுக்கிட்டு இருக்கியாமே" என்றார். சொன்னேன். பில் தாளைத் திருப்பி, "வரை" என்றார். பீட்டாவை வரைந்தேன், காமாவை வரைந்தேன்.

"இதுல எண்ணெய்ப் பசை எதுக்குக் கூட?"

"ரெண்டுக்கும் ஒண்ணுதான் அண்ணே."

"சி18-க்கு எண்ணெய்ப் பசை மட்டும்தானே கண்ணுக்குத் தெரியும்? அப்புறம் எப்படிப் பிரிக்கும்? ஓஎச் எங்கே இருக்கு காட்டு."

ஆறாவது இடத்தில் என்று காட்டினேன். காட்டிய விரல் அங்கேயே நின்றது. ஆறுக்கு இரண்டு பக்கமும் ஐந்தும் ஏழும். ஆல்ஃபாவில் ஓஎச்-இன் இரண்டு பக்கமும் பொட்டு. பீட்டாவில் ஐந்தின் பக்கம் மட்டும். காமாவில் ஏழின் பக்கம் மட்டும். டெல்டாவில் இரண்டு பக்கமும் காலி. வாலைப் பார்க்காமல் இந்த ஓஎச்-ஐக் கையால் தடவிப் பார்க்கிற கொலம் ஒன்று வேண்டும். அது எங்கள் ஸ்டோரிலேயே இருந்தது, வெறும் சிலிக்கா. எந்தச் சங்கிலியைக் கட்டி எதை மூட வேண்டும் என்று அத்தனை பாடுபடுகிறார்களோ, அந்த மூடாத சிலனால்தான் இங்கே வேலைக்காரன். அமிட்ரிப்டிலினுக்கு வில்லனாக இருந்த அதே ஆள்.

வெறும் சிலிக்காவுக்குத் தண்ணீர் கலந்த திரவம் ஆகாது, ஹெக்சேன் வேண்டும். மெஷினை ஹெக்சேனுக்கு மாற்றுவது சின்ன வேலை இல்லை. தண்ணீரும் ஹெக்சேனும் சேராது, மெத்தனால்கூட ஒழுங்காகச் சேராது. நடுவில் ஐசோப்ரொப்பனால் ஓட்டி எல்லாக் குழாயையும் கழுவ வேண்டும். அது கெட்டியான திரவம், பம்பு முனகும். அரை நாள் போனது. அப்புறம் ஹெக்சேனில் துளி ஐசோப்ரொப்பனால், ஒளிர்வு டிடெக்டரில் 295 நானோமீட்டர் ஒளியை விட்டு 330-இல் ஒளிர்வதைப் பார்த்தோம்.

முதல் பீக் வந்ததும் தம்பி ஸ்டாண்டர்டை, அதாவது தெரிந்த பொருளை ஓட்டிய பதிவை, சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஆல்ஃபா டோகோஃபெரால். சி18-இல் எல்லோருக்கும் கடைசியாக வருகிற ஆள் இங்கே முதலில் வந்திருந்தது. சி18-இல் வால்தான் முதலில் கணக்கு. இரட்டைப் பிணைப்புள்ள ட்ரையீனால்கள் அனைத்தும் கூட்டமாக முன்னால் போய்விடும், டோகோஃபெரால்கள் பின்னால் வரும். சிலிக்காவில் வாலுக்கு அவ்வளவு மதிப்பில்லை. இரண்டு பக்கமும் அடைபட்ட ஓஎச் சிலனாலிடம் சரியாகக் கைகொடுக்க முடியாமல் வெளியே வந்துவிடுகிறது, அதனால் ஆல்ஃபா ஜோடி முதலில். டெல்டா ஜோடி கடைசியில். நடுவே, இரண்டு வாரம் எங்களை அழவைத்த பீட்டாவும் காமாவும் தனித்தனியாக, அடிவரை பிரிந்து. ஒரு பக்கம்தான் இரண்டுக்கும் அடைப்பு, ஆனால் எந்தப் பக்கம் என்பதும் சிலிக்காவுக்குத் தெரிகிறது. பீட்டா கொஞ்சம் முன்னால், காமா கொஞ்சம் பின்னால். இருபது நிமிடத்தில் கதை முடிந்தது.

மிகாயில் ட்ஸ்வெட் நினைவுக்கு வந்தார். 1903-இல் வார்சாவில் இலைச்சாற்றின் நிறங்களைக் கண்ணாடிக் குழாயில் பிரித்துக் காட்டியவர், 1906-இல் இந்த முறைக்குப் பெயர் வைத்தவர். சுண்ணாம்புத் தூள்தான் நமக்குப் படத்தில் காட்டப்படுகிறது. ஆனால் அவர் சோதித்துப் பார்த்த தூள்கள் நூற்றுக்கும் மேல். எது எதைப் பிடிக்கிறது என்று தூள் தூளாகப் பார்த்த மனிதர். நாம் மெஷினில் சி18-ஐ முறுக்கிவிட்டு அதைக் கழற்றாமலே நாலு வருடம் ஓட்டுகிறோம்.

என்னைச் சொல்கிறேன். அதே ஆண்டு வேறொரு மாதிரிக்கு ஃபீனைல் கொலம் வாங்கி, அதை அசிட்டோநைட்ரைலில் ஓட்டி, "சி18 மாதிரியேதான் இருக்கு, காசு தண்டம்" என்று அலமாரியில் வைத்தவள் நான். ஃபீனைல் தன் பை எலக்ட்ரான்களால்தான் வளையமுள்ள மூலக்கூறுகளை வித்தியாசமாகப் பிடிக்கிறது. அசிட்டோநைட்ரைலுக்கும் பை எலக்ட்ரான் உண்டு, அது போய் அந்த இடத்தை மறைத்துக்கொள்ளும். மெத்தனாலில் ஓட்டியிருந்தால் வரிசையே மாறியிருக்கும். கடை திறந்திருந்தது, வாசலில் ஆளை நிறுத்தி வைத்தது நான்தான்.

செம்பனை எண்ணெயின் சிவப்புக்கும் இதே கதைதான். கச்சா எண்ணெயில் பத்து லட்சத்துக்கு 500 முதல் 700 பங்கு வரை கரோட்டின் இருக்கும். அப்பா வீட்டுக்கு வந்தால் சட்டைக் கை முழுக்க அந்த நிறம்தான். ஆல்ஃபா கரோட்டின், பீட்டா கரோட்டின், அவற்றின் நேரான உருவம், வளைந்த உருவம் எல்லாவற்றையும் பிரிக்க சி18 திணறும். 1994-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் லேன் சாண்டர் குழுவினர் இதற்காகவே சி30 என்று ஒன்றைச் செய்தார்கள். கரோட்டின் நீளமான மூலக்கூறு, 18 கார்பன் உயரப் புல்லுக்குள் அது முழுதாகப் புக இடமில்லை. 30 கார்பன் என்றால் புகும். நேராக இருப்பது நன்றாகப் புகும், வளைந்தது தடுமாறும். குளிரக் குளிரச் சங்கிலிகள் விறைத்து நின்று இந்த வித்தியாசம் கூடும். எங்கள் லேபில் ஏர்கான் பழுதான ஒரு வாரம் இதை நேரில் பார்த்திருக்கிறேன். கொலத்துக்கு அடுப்பு இருந்தது, குளிர்விக்க வழி இல்லை.

சிலிக்கா முறையிலும் சொர்க்கம் இல்லை. ஹெக்சேனில் கலந்திருக்கும் இம்மி ஈரம் சிலனாலில் போய் ஒட்டிக்கொள்ளும். மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் தினமும் பீக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். டயோல் என்று ஒரு வகை இருக்கிறது, சிலிக்கா மேல் ஓஎச் கைகளைக் கட்டியது, அது இவ்வளவு கோபிப்பதில்லை. இப்போது அதைத்தான் ஓட்டுகிறோம். ஹெக்சேன் வாடையே வேண்டாம் என்பவர்களுக்கு பென்டாஃப்ளூரோஃபீனைல் கொலம் இருக்கிறது, தண்ணீர் மெத்தனாலிலேயே பீட்டாவையும் காமாவையும் பிரித்துக் காட்டும். அதை வாங்க இந்த வருட பட்ஜெட்டில் கேட்டிருக்கிறேன்.

வாங்குகிறவருக்குத் திருத்திய ரிப்போர்ட் போனது, மன்னிப்போடு. செம்பனை மட்டும் வருகிற மாதிரிகளுக்குப் பழைய சி18-ஐயே வைத்துக்கொண்டோம், வேகமானது, மலிவு. ஆனால் அந்த வரிசையின் பெயரை "காமா" என்பதிலிருந்து "பீட்டா + காமா" என்று மாற்றினேன். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "அந்த பீட்டாவை எடுத்துட்டு வெறும் காமான்னு போட்டுக் கொடுங்களேன், பார்க்க நல்லா இருக்கும்" என்றார். டயோலில் ஓட்டினால் போடலாம், கட்டணம் கூட ஆகும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.